சுறாத் தீவில் பூண்டு உரித்த வரலாறு

சென்னையில் மீன் சம்பந்தப்பட்ட ஓர் அரசாங்க ஆபீஸில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தும், கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதில்லை. மீனுக்கும் எனக்கும் உள்ள உறவு தட்டில் தொடங்கித் தட்டிலேயே முடிவது. அப்படிப்பட்டவனைப் பிடித்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

போக வேண்டியவர் எங்கள் மேலதிகாரி. சிங்கப்பூருக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவில் சுறா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே சுறாவை எப்படி அறுக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள், எப்படிக் குறித்து வைக்கிறார்கள் என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு வர வேண்டும். புதுக் கோட்டு தைத்து, பெட்டி வாங்கி, எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்ட மனிதர், புறப்படுகிற வாரம் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சுறாவைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே, சார்" என்றேன்.

"படிவம் நிரப்பத் தெரியுமில்ல? போய்ட்டு வாங்க" என்றார், கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்தபடி.

கப்பல் பயணத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒருவன் நாட்கணக்கில் வாந்தி எடுத்ததை யார் விரும்பிப் படிப்பார்கள்?

சிராங்கூன் ரோட்டில் வந்து இறங்கியதும் முதலில் ஏற்பட்டது ஏமாற்றம்தான். கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்து பார்த்தால், எதிரே மல்லிகைப்பூக் கட்டுகிறவர், பக்கத்தில் வெற்றிலைக் கடை, அதற்கடுத்து நகைக்கடை வாசலில் பல் குத்திக்கொண்டு ஓர் ஆசாமி. நம் ஊரையே கொண்டுவந்து நன்றாகக் கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது. தெருமுனையில் ஒரு சீனர் கம்பில் தொங்கவிட்டிருந்த வாத்துகளைப் பார்த்த பிறகுதான் வெளிநாடு வந்திருக்கிறேன் என்று நம்பிக்கை பிறந்தது.

நான் தங்கியது காதர் பாய் வீட்டில். நாகூர்க்காரர். என் நண்பருக்கு நண்பர். தேக்கா மார்க்கெட்டை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தார். கீழேயிருந்து மிளகாய் நெடியும் நெத்திலிக் கருவாட்டு வாடையும் கட்டணமில்லாமல் வந்துகொண்டிருந்தன.

காலையில் எழுந்ததும் பாய் கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா, தம்பி?"

இதென்ன, எழுந்தவுடனேயே இப்படி ஆழமாகக் கேட்கிறாரே என்று விழித்தேன். காலைப் பலகாரத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். மூலைக்கடையில் மீ கோரிங் வாங்கிக் கொடுத்தார். பார்வைக்கு, இடியாப்பத்துக்குக் கோபம் வந்து முகம் சிவந்த மாதிரி இருக்கும். ருசியில் குறையில்லை. இரண்டு தட்டு தின்றேன். அதன்மேல் கோப்பி ஓ. 'ஓ' என்றால் பால் கிடையாது என்று அர்த்தமாம். பால் இல்லாததற்கு ஆச்சரியப்பட்டு 'ஓ' போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தீவுக்குக் கிளம்பினேன். படகுத்துறைக்குப் போகிற பஸ் எது என்று பாய் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நான் அதே பஸ்ஸில்தான் ஏறினேன். அது எதிர்ப்பக்கம் போகிற பஸ் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. சீனக் கண்டக்டர் மலாயில் ஏதோ சொன்னார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டோம். விளைவு, துறைக்கு நேர் எதிர்த்திசையில் காத்தோங் என்ற இடத்தில் இறங்கினேன். வந்தது வந்தாயிற்று என்று அங்கிருந்த பிள்ளையாரைக் கும்பிட்டு, படகுப் பயணத்தைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார் பார்த்துக்கொள்ளவில்லை. மழைக்காலக் காற்று. நிலையத்து மோட்டார் படகை ஓட்டி வந்தவர் யூசோப் என்ற மலாய்க்காரர். ஒரு கையால் சுக்கானையும் மறுகையால் சிகரெட்டையும் பிடித்துக்கொண்டு, அலைமேல் படகை ஆடுநாற்காலிபோல ஆட்டினார். நான் அன்று காலை தின்ற மீ கோரிங் உட்பட அனைத்தையும் கடலுக்குத் திருப்பித் தந்தேன். கரை சேர்ந்ததும் "மீன்களுக்கு நல்ல நாள்" என்று மலாயில் சொன்னாராம். இதை எனக்குத் தமிழாக்கிச் சொன்னவர், கரையில் நின்று என்னைக் கைபிடித்து இறக்கிய சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணுதான் நிலையத்தின் சமையல்காரர், தோட்டக்காரர், சுறாவைத் தூக்குகிறவர், பாத்திரம் கழுவுகிறவர். கடலூர்ப் பக்கத்து மனிதர். பன்னிரண்டு வருஷமாக அந்தத் தீவில் இருக்கிறார். மெலிந்த உடம்பு, கையெல்லாம் சுறாத்தோல் சிராய்த்த தழும்பு.

"வாங்க சார். மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தான் லா. மேல வந்து கஞ்சி குடிங்க, சரியாப் போயிரும்." பேச்சின் கடைசியில் 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கமாம்.

நிலையம் என்றதும் நான் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்திருந்தேன். தகரக் கூரை போட்ட நீளமான மரக் கொட்டகை ஒன்று, பின்னால் சமையலறை, சற்றுத் தள்ளி சாமிக்கண்ணுவின் குடிசை, மற்றபடி தென்னை மரமும் கொசுவும். எங்கள் ஆபீஸில் பியூன்கள் உட்காரும் இடமே இதைவிடப் பெரிது. நிலையத் தலைவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். எல்லாரும் 'டாக்டர்' என்றே அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். வழுக்கைத் தலை, அரைக்கால் சட்டை, செருப்பில்லாத கால். சென்னையிலிருந்து கோட்டும் டையுமாக வந்து நின்ற என்னைப் பார்த்து, "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார்.

தீவில் மூன்றாம் நாள் காலை ஆராய்ச்சி தொடங்கியது. ஆள் நீளத்துக்கு ஒரு சுறாவை மேஜையில் கிடத்தி டாக்டர் வயிற்றைக் கீறினார். நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து ஓர் ஆமை ஓடும் யாருடைய செருப்போ ஒன்றும் வெளியே வந்ததுவரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவுக்கு வருவது, சாமிக்கண்ணு என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. "செருப்புக்குச் சொந்தக்காரர் உள்ளே இல்லை, கவலைப்படாதீர்கள்" என்றார் டாக்டர்.

அன்று மாலை நிலையத்தின் வலையில் ஒரு பால்சுறா சிக்கியது. நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுப்பார்களே, அதே ஜாதி. மூன்று அடிகூட இருக்காது. அதைக் கண்டதும் டாக்டர் குழந்தையாகிவிட்டார். சினைச் சுறாவாம். இந்தப் பருவத்தில் இந்த ஜாதிக்கு எத்தனை குட்டி, எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பது மட்டும் அவர் கணக்கில் இரண்டு வருஷமாகக் காலியாகவே இருந்ததாம். மறுநாள் அவருக்குப் பட்டணத்தில் ஒரு கூட்டம். திரும்பி வந்து நிதானமாக அறுக்கலாம் என்று ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, "இதைத் தொடுகிறவன் கை என் மேஜையில் கிடக்கும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் கையில் கத்தி இருந்தது.

நான்காம் நாள் விடியற்காலையிலேயே டாக்டர் படகேறிப் போய்விட்டார். அவரைத் துறையில் விட்டுவிட்டுத் திரும்பிய யூசோப், தீவுக்கு மளிகை அனுப்புகிற காதர் பாய் கடையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்திருந்தார். அதைக் கேட்டதும் சாமிக்கண்ணு கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவருடைய மனைவி பாக்கியத்துக்கு நான்கு நாளைக்கு முன்பு பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த முதல் குழந்தை.

"என்ன சாமிக்கண்ணு, இதையா எங்கிட்ட மறைச்சு வெச்சீங்க?"

"மறைக்கல சார். நீங்க வந்ததுலேருந்து வாந்தி எடுத்தீங்க, அப்புறம் மயக்கம் போட்டீங்க. சொல்ல நேரமில்ல."

நியாயமான பதில். பாக்கியத்துக்குப் பால் சுரக்கவில்லை. டின் பால் கொடுத்தால் குழந்தை கக்கிவிடுகிறது. எடை இறங்கிக்கொண்டே வருகிறது. நர்ஸுகள் தங்களாலானதைச் செய்கிறார்கள். பாக்கியம் அழுதுகொண்டே கேட்டது ஒன்றுதான்: சுறாப்புட்டு.

"தேக்காவுல பாய் தேடிப் பாத்துட்டாராம். ஒரு வாரமாக் காத்து. மீன்படகு ஒண்ணும் வெளிய போகல. சுறாவே வரல" என்றார் சாமிக்கண்ணு.

இருவரும் ஐஸ் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு இருவருமே மிகவும் பாடுபட்டோம்.

கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "அது இருக்கே."

"டாக்டர் சாமான் சார் அது. பன்னெண்டு வருஷத்துல ஒரு வாலைக்கூட கேக்காம எடுத்ததில்ல."

"கேட்டா குடுப்பாரா மாட்டாரா?"

"குடுப்பாரு. அறுத்த பொறவு குடுப்பாரு. நாளைக்குச் சாயந்தரம் ஆவும்."

நாளைச் சாயந்தரம் என்பது நான்கு நாள் குழந்தைக்கு எவ்வளவு தூரம் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பிரசவத்திலும் என் மாமியார் சுறாப்புட்டு செய்வார். பாதியை நான்தான் தின்பேன். அது வேறு விஷயம். பாக்கியிருந்த பாதியிலேயே பால் சுரந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி என்ற கம்பீரத்தை, பல தடவை வாந்தியெடுத்த பிறகும் மிச்சமிருந்த அளவுக்குச் சேர்த்துக்கொண்டு எழுந்து நின்றேன். "சாமிக்கண்ணு, நான் உத்தரவு போடறேன். அதை எடுத்துச் சமைங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"உங்களுக்கு இங்க உத்தரவு போட அதிகாரம் இருக்கா சார்?"

"கிடையாது."

அவர் எழுந்து போய் ஐஸ் பெட்டியைத் திறந்தார். "நீங்க வெளிய உக்காந்து பூண்டு உரிங்க. உள்ள வந்து மறுபடி மயக்கம் போட்டீங்கன்னா ரெண்டு வேலை எனக்கு" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தென்னை மரத்தடியில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். முறம் நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும். கண்ணீர் வழிய வழிய உரித்தேன். பாதி வெங்காயத்தால், பாதி டாக்டரை நினைத்து. உள்ளே அறுக்கிற சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பயந்துவிட்டாரோ என்று எண்ணும்போதே மஞ்சள் போட்டு வேகிற மணம் வந்தது. பிறகு நல்லெண்ணெய், பூண்டு, மிளகு. காரமில்லாத பத்தியப் புட்டு. ஒரு வாய் கேட்கலாமா என்று நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கவில்லை.

பகலிலேயே யூசோப் எங்களைக் கரை சேர்த்தார். ஆச்சரியம், இந்தத் தடவை எனக்கு வாந்தி வரவில்லை. பயத்துக்கு இப்படியொரு மருத்துவக் குணம் உண்டு.

ஆஸ்பத்திரியில் வெளிச் சாப்பாடு கூடாது. சாமிக்கண்ணுவைப் பார்த்தால் காவல்காரருக்குச் சந்தேகம் வரும், கோட்டுப் போட்ட என்னைப் பார்த்தால் வராது என்று முடிவாகி, புட்டு இருந்த மங்கு டிபன் கேரியரை நான் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டேன். கேரியரை மறைக்கலாம், பூண்டை மறைக்க முடியுமா? வராந்தாவில் எனக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் வாசனை நடந்துபோனது.

வார்டு வாசலில் ஒரு நர்ஸ் வழியை மறித்தார். யாழ்ப்பாணத் தமிழ்.

"நில்லுங்கோ. கோட்டுக்குள்ள என்ன?"

"மீன்வளத் துறை, சென்னை" என்று முத்திரை வைத்த கடிதத்தை நீட்டினேன். "இது ஒரு மாதிரிப் பொருள்."

அவர் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. மூக்கை லேசாக உயர்த்தினார். "சுறாவோ?"

பொய் சொல்லத் தைரியமில்லை. "பால்சுறா."

"மிளகு போட்டதோ? எங்கட ஊரில வறை எண்டு சொல்லுறது. என்ர அம்மாவும் இதைத்தான் செய்து தந்தவ." திரும்பி வராந்தாவை ஒருமுறை பார்த்தார். "ஐயா இஞ்ச நில்லுங்கோ, அவர் மட்டும் கொண்டுபோகட்டும். மேட்ரன் வர முன்னம் கெதியாச் சாப்பிடச் சொல்லுங்கோ."

சாமிக்கண்ணு உள்ளே போனார். கதவிடுக்கு வழியாக நான் பார்த்தது இவ்வளவுதான்: தலைமுடி கலைந்த ஒரு பெண், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்கவும் மறந்து, அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் துணிச் சுருள்போல ஒன்று முனகியது. அவ்வளவு பெரிய கடலை நான் கடந்து வந்ததற்கு ஏதோ காரணம் இருக்கத்தான் செய்கிறது என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது. மேட்ரனின் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்த எண்ணம் ஓடிவிட்டது, நானும் ஓடினேன்.

அன்றிரவு காதர் பாய் வீட்டில் படுத்தோம். காலையில் சாமிக்கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஓடிவந்தார். விடியற்காலையில் பால் இறங்கிவிட்டதாம். குழந்தை குடித்துவிட்டுத் தூங்குகிறதாம். சுறாவின் வேலையா, நர்ஸ் இரண்டு நாளாக ஒத்தடம் கொடுத்ததன் பலனா, நாகூர் ஆண்டவரிடம் பாய் நேர்ந்துகொண்டதா என்று மூன்று கட்சிகள் உண்டு. நான் சுறாக் கட்சி.

படகு தீவை நெருங்கும்போது டாக்டர் கரையில் நின்றிருந்தார். காற்று தணிந்ததும் கிளம்பிய மீன்படகு ஒன்றைப் பிடித்து எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். இடுப்பில் கை. பின்னால் ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது.

"என் சுறா எங்கே?"

சாமிக்கண்ணு வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "டாக்டர், இவர் மாட்டேன் என்றார். நான்தான் கட்டாயப்படுத்தினேன். அதை ஒரு தாய் சாப்பிட்டுவிட்டாள்." நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் ஆங்கிலம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

அவர் முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்தது. இரண்டு வருஷம் என்றார். இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று மூன்று தடவை சொன்னார். அடுத்த படகில் நான் கிளம்பலாம், சென்னைக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றார். சாமிக்கண்ணுவைப் பார்த்து, "நீ என்னைக் கேட்டிருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். கத்தியதைவிட அது மோசமாக இருந்தது.

சாமிக்கண்ணு சமையலறைக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டர், வந்து பாருங்க."

நாங்கள் உள்ளே போனோம். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், தலை உயரத்திலிருந்து இடுப்புவரை, கரியால் எழுதியிருந்தது. பள்ளிக்கூடம் போகாத கை. பன்னிரண்டு வருஷம் டாக்டர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய ஆங்கில எண்கள். எது எது என்று தெரிய, எண்ணுக்குப் பக்கத்தில் படம் வரைந்திருந்தார். மூக்கிலிருந்து வால்வரை நீளம். எடை. செவுள் இடைவெளி. ஈரல் எடை. வயிற்றில் இருந்தவை: இரண்டு கணவாய், ஓர் இறால்.

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மருந்துத் தண்ணீரில் ஐந்து குட்டிகள், தொப்புள்கொடியோடு. ஒவ்வொன்றின் வாலிலும் நூல்; வலப்பக்கத்துக் குட்டிக்கு ஒரு முடிச்சு, இடப்பக்கத்துக்கு இரண்டு.

"வலது மூணு, எடது ரெண்டு, டாக்டர். தாடை அங்க காயுது. கறி மட்டும்தான் எடுத்தேன்."

நான் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து 'பயந்துவிட்டாரோ' என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, பசித்த குழந்தையின் தகப்பன் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் ஜாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அறுத்திருந்தால் கறியைக் கடலில்தான் எறிந்திருப்பேன்" என்றார். என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "பென்சில்."

கொடுத்தேன். சுவருக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் தன் நோட்டில் எழுதத் தொடங்கினார். நடுவில், "பால் எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதில் உம்முடைய பங்கு என்ன?"

"பூண்டு உரித்தேன்."

அதையும் எழுதினார். என்னை அடுத்த படகில் அனுப்புகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. சென்னைக்குக் கடிதம் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் பாக்கியமும் குழந்தையும் தீவுக்கு வந்தார்கள். டாக்டர் கரைக்கே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார். நேராகக் கொட்டகைக்குக் கொண்டுபோய், சுறா நிறுக்கும் தராசுக் கொக்கியில் ஒரு சுத்தமான துண்டைத் தூளிபோலக் கட்டி, அதில் படுக்க வைத்தார். பாக்கியம் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். சாமிக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத லா. டாக்டர் இதுல தப்பு பண்ண மாட்டாரு" என்றார்.

முள் ஆடி நின்றது. டாக்டர் படித்து எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை துண்டை நனைத்தது. அவர் அரைக்கால் சட்டையிலும் வழிந்தது. அவர் அசையவில்லை. முழுக்க முடியட்டும் என்று காத்திருந்து, துண்டை மாற்றி, மறுபடி தொங்கவிட்டு, புது எடையைப் பழைய எடைக்குக் கீழே எழுதினார்.